‘பிக் அப்’: யார், யாரை, எதை

ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சரளமாகப் புழங்கும் சொற்களில் ‘பிக்கப்’ ஒன்று. “வண்டியில பிக்கப்பே இல்ல, என்னன்னு பாருங்கண்ணே” என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோம். கால் டாக்சி ஓட்டுநர் “பிக்கப் எங்க சார்?” என்று ஃபோனில் கேட்கிறார். காய்கறி மூட்டை ஏற்றி வரும் சின்னச் சரக்கு வண்டிக்குப் பிக்கப் வண்டி என்று பெயர். கல்லூரி வாசலில் பையன்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பிக்கப் வேறு வகை. இந்த நான்கும் நன்றாகத் தெரிந்திருப்பதுதான் சிக்கல். மற்ற பொருள்களும் தெரியும் என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடுகிறது. வேலைக்குப் போன புதிதில், பிரிட்டிஷ் மருத்துவமனை ஒன்றில் ஒரு பெரியவர் ‘ஐ திங்க் ஐவ் பிக்ட் சம்திங் அப்’ என்று முனகினால், எதையோ எடுத்தேன் என்கிறாரே, எதை எடுத்தார் என்று தோன்றும். ஏதோ நோய் தொற்றிக்கொண்டது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் போன்ற சிறுசொல் ஒன்று சேர்ந்து, இரண்டும் தனித்தனியே தராத பொருளைத் தரும்போது அதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். இந்தச் சேர்க்கை பிறமொழிக்காரர்களைத் திணறடிக்கிறது என்பது ஆங்கிலேயர்களுக்கு நெடுநாளாகவே தெரியும். 1755-இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது இதுதான் என்று முன்னுரையிலேயே எழுதினார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அதற்கு வெகுகாலம் கழித்து, 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் வெளியிட்ட நூல் ஒன்றின் வழியாகப் பரவியது. பெயர் எப்போது வந்தால் என்ன, தொல்லை அப்படியே இருக்கிறது.

இதற்குப் பெரும்பாலான கையேடுகள் சொல்லும் வழி, பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டு மனப்பாடம் செய்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘பிக் அப்’புக்கு மட்டுமே பெரிய அகராதிகள் இருபதுக்கு மேல் பொருள் தருகின்றன. அத்தனையையும் உருப்போட்டவர்கூட, எதிரில் ஒருவர் பேசும்போது பதினான்காவது பொருளா பதினேழாவதா என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

நம் மொழியில் ‘பிடி’ என்ற வினையைப் பாருங்கள். சளி பிடித்தது, பேருந்தைப் பிடித்தேன், போலீஸ் பிடித்தது, வியாபாரம் சூடு பிடித்தது, அடம் பிடிக்கிறான், சம்பளத்தில் பிடித்தார்கள், அந்தப் படம் எனக்குப் பிடித்தது. இவற்றை எந்தத் தமிழ்க் குழந்தையும் பட்டியலாகப் படித்ததில்லை. சளி என்றால் ஒரு பிடி, சம்பளம் என்றால் வேறு பிடி என்று, கூட வரும் பெயர்ச்சொல்லை வைத்தே காது பழகிவிட்டது. ‘பிக் அப்’புக்கும் அதே வழிதான். வினையை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். அதன் இரு பக்கத்தையும் பாருங்கள். யார் செய்கிறார்? எதைச் செய்கிறார்? பள்ளியில் படித்த எழுவாய், செயப்படுபொருள் பாடம் இங்கே நேராகக் கைகொடுக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்கப் போகிறோம்.

வேர்

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஓர் உடல் அசைவு. குனிந்து, கீழே கிடப்பதைக் கையால் எடுத்து மேலே தூக்குவது. தரையில் விழுந்த பேனா, அழும் குழந்தை, மேசையில் இருக்கும் பத்திரிகை. இந்த அசைவுக்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, பொருள் என் கைக்கு வருகிறது. இன்னொன்று, அது கீழிருந்து மேலே போகிறது. ‘பிக் அப்’பின் ஏறக்குறைய எல்லாப் பொருளும் இந்த இரண்டு கிளைகளில் ஏதாவது ஒன்றில் தொங்கும். ‘வந்து சேர்ந்தது’ ஒரு கிளை, ‘ஏறியது’ இன்னொரு கிளை. புதிதாக ஒரு வாக்கியம் காதில் விழும்போது, இது எந்தக் கிளை என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

செயப்படுபொருள் இல்லாவிட்டால்

‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்’. காற்று வலுக்கிறது. ‘சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்’. விற்பனை சூடு பிடித்திருக்கிறது. ‘ஷீ வாஸ் வெரி வீக், பட் ஷீ இஸ் பிக்கிங் அப் நௌ’. ரொம்பத் துவண்டு போயிருந்தாள், இப்போது தேறி வருகிறாள். எதை என்ற கேள்விக்கு இங்கே விடை கிடையாது. செயப்படுபொருள் குன்றிய வினை. அப்படி வந்தால் பெரும்பாலும் அது ஏறுகிற கிளைதான்: மந்தமாக இருந்தது வேகம் பெறுகிறது, நலிந்தது தேறுகிறது.

இந்த இடத்தில் தமிழர்கள் பலரிடம் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று: ‘பிசினஸ் இஸ் பிக்ட் அப்’. ‘இஸ்’ போட்டால் வியாபாரத்தை யாரோ தூக்கினார்கள் என்றாகிவிடும். நடந்துகொண்டிருந்தால் ‘இஸ் பிக்கிங் அப்’, நடந்து முடிந்தால் ‘ஹேஸ் பிக்ட் அப்’. இந்த இரண்டையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, தினமும் காதில் விழுவது. ‘ஐ ராங் ட்வைஸ், நோபடி பிக்ட் அப்’. இரண்டு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. தொலைபேசி என்ற சொல் மறைந்து நிற்கிறது. தமிழிலும் நாம் ‘எடுக்கல’ என்று மட்டும்தான் சொல்கிறோம், எதை என்று சொல்வதில்லை. பாதியில் நிறுத்திய பேச்சையோ பாடத்தையோ தொடரும்போது வரும் ‘லெட்ஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்’ என்பதும் இந்த வகையே. விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று பொருள்.

ஆள் என்றால்

செயப்படுபொருள் ஒரு மனிதராக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. ஒரே வாக்கியம் நான்கு விதமாகப் போகக்கூடிய இடம் இது.

முதல் பொருள் நமக்குத் தெரிந்தது: வண்டியோடு போய் ஒருவரை ஏற்றி வருவது. ‘ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்’. பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவதும் இதுதான். நடந்து போய் அழைத்து வந்தாலும் ‘பிக் அப்’ என்றே சொல்வார்கள், வண்டி கட்டாயமில்லை. பேருந்து பயணிகளை ஏற்றுவதும், கடலில் தத்தளிப்பவர்களைப் படகு மீட்பதும் இதன் நீட்சி.

இரண்டாவது, குழந்தையைத் தூக்குவது. வயதைப் பார்த்தால் குழப்பம் தீரும் என்று நினைக்கலாம். முழுதும் தீராது. ‘பிக் த பேபி அப்’ என்றால் தூக்கு என்றும் இருக்கும், காப்பகத்திலிருந்து அழைத்து வா என்றும் இருக்கும். இடமும் நேரமும் தெரிந்தால்தான் தெளியும்.

மூன்றாவது, போலீஸ். எழுவாய் போலீஸாக இருந்தால், ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப் லாஸ்ட் நைட்’, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாம் ‘நேத்து ராத்திரி அவனைத் தூக்கிட்டாங்க’ என்று சொல்வதற்கு வெகு அருகில் இருக்கிறது. செயப்படுபொருள் மாறவில்லை, செய்பவர் மாறியதும் பொருள் மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

நான்காவதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் மானத்துக்காக. முன்பின் தெரியாத ஒருவரிடம், பெரும்பாலும் மதுக்கூடத்திலோ விருந்திலோ, உறவு நாடிப் பேச்சுக்கொடுத்து இணங்க வைப்பதையும் ‘பிக் அப்’ என்பார்கள். அதனால், ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் லாஸ்ட் நைட்’ என்று அலுவலகத்தில் சொன்னால், சித்தி மகளை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்த கதையாக யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தப்பிக்கும் வழி எளிது. அழைத்து வந்தவர் யார் என்று உறவையோ பெயரையோ சொல்லுங்கள், எங்கிருந்து என்று இடத்தைச் சேருங்கள்: ‘ஐ பிக்ட் மை கசின் அப் ஃப்ரம் த ஸ்டேஷன்’. ‘ஃப்ரம்’ வந்த உடனே சந்தேகம் போய்விடுகிறது.

தொலைந்து போகும் ‘அப்’

இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘அப்’ அடிக்கடி உதிர்ந்து விடுகிறது. ‘ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்’, ‘பிக் மீ ஃப்ரம் த ஏர்போர்ட்’. சென்னையிலும் பெங்களூரிலும் இது எல்லோருக்கும் புரியும், இதைத் தவறு என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ‘பிக்’ தனியாக நின்றால் தேர்ந்தெடு, பறி என்று பொருள். ‘பிக் மீ’ என்றால் ‘என்னைத் தேர்ந்தெடு’ என்றுதான் முதலில் காதில் விழும். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஃபோன், ஆள், பார்சல் மூன்றுக்கும் ‘அப்’பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். பந்து வீசுபவரின் கையைப் பார்த்தே கூக்ளி என்று மட்டையாளர் கண்டுகொண்டால், வர்ணனையாளர் ‘ஹீ பிக்ட் இட்’ என்பார். அங்கே ‘அப்’ கிடையாது. பந்து வீச்சாளர் மூன்று விக்கெட் எடுத்தால் ‘ஹீ ஹேஸ் பிக்ட் அப் த்ரீ விக்கெட்ஸ்’. இங்கே ‘அப்’ வேண்டும், கைக்கு வந்து சேர்கிற கிளை. மட்டை வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்து ‘பிக்கப் நல்லா இருக்கு’ என்கிறோமே, அது உண்மையான எடையைச் சொல்வதில்லை. தூக்கும்போது கைக்கு எவ்வளவு இலகுவாகத் தெரிகிறது என்பதைச் சொல்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளுக்குப் பிக்கப் வேறு வேறாக இருக்கலாம்.

நோயும் பரிசோதனையும்

மருத்துவமனை வேலைக்கு வெளிநாடு போகும் நர்ஸுகள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை ஏற்கிறார்கள். தேர்வில் வரும் மருத்துவச் சொற்களை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். நோயாளிகள் பேசுவதோ மருத்துவச் சொல்லில் அல்ல.

கீழே உள்ள இரண்டு வாக்கியங்களில் செயப்படுபொருள் ஒன்றே. ‘த பேஷண்ட் பிக்ட் அப் த இன்ஃபெக்‌ஷன் இன் ஹாஸ்பிட்டல்’. நோயாளிக்கு மருத்துவமனையில் தொற்று ஏற்பட்டது. ‘த பிளட் டெஸ்ட் பிக்ட் அப் த இன்ஃபெக்‌ஷன்’. ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரியவந்தது. மனிதர் எழுவாயாக இருந்தால் நோய் ஒட்டிக்கொண்டது, கருவியோ பரிசோதனையோ எழுவாயாக இருந்தால் நோய் கண்டறியப்பட்டது.

இப்போது ‘த நர்ஸ் பிக்ட் அப் த இன்ஃபெக்‌ஷன்’ என்று ஒருவர் சொன்னால்? நர்ஸுக்குத் தொற்றியதா, நர்ஸ் கண்டுபிடித்தாரா? வாக்கியத்துக்குள் விடை இல்லை. பேசும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்கும் குறிப்பில் இப்படி எழுதவே கூடாது. கண்டறிந்தால் ‘டிடெக்டட்’ அல்லது ‘நோட்டிஸ்ட்’, தொற்றினால் ‘காட்’ அல்லது ‘கான்ட்ராக்டட்’ என்று பிரித்து எழுதுங்கள். ஒரு நோயாளியின் அடுத்த நாள் சிகிச்சை அந்தக் குறிப்பை நம்பித்தான் நடக்கிறது.

எல்லா நோய்க்கும் இந்த வினை பொருந்தாது என்பதும் முக்கியம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கிருமி போன்ற வெளியிலிருந்து வந்து ஒட்டுபவற்றுக்கு மட்டுமே ‘பிக் அப்’. சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ ‘ஐ பிக்ட் அப்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஸ்கேன் அவற்றை ‘பிக் அப்’ செய்யும், ஏனென்றால் அது கண்டறிகிற பொருள். ‘தே பிக்ட் இட் அப் ஏர்லி’ என்று ஒருவர் சொன்னால், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆறுதலோடு சொல்கிறார்.

கண்டறிகிற இந்தப் பொருளின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். ரேடியோ அலையைப் பிடிக்கிறது, மைக் தூரத்து இரைச்சலைப் பிடிக்கிறது, மோப்ப நாய் வாசனையைப் பிடிக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பகுதிக்குப் பிக்கப் என்று பெயர் வந்ததும் இதனால்தான். கம்பியின் அதிர்வை அது உணர்ந்து மின்குறிப்பாக மாற்றுகிறது.

கற்றுக்கொள்வது

‘ஐ பிக்ட் அப் சம் ஹிந்தி இன் மும்பை’. மும்பையில் இருந்தபோது கொஞ்சம் இந்தி பழகிக்கொண்டேன். வகுப்புக்குப் போகாமல், புத்தகம் வாங்காமல், கேட்டுப் பார்த்துத் தானாக வந்த அறிவு. தொழில் நுணுக்கம், சமையல், கெட்ட பழக்கம், கெட்ட வார்த்தை எல்லாம் இப்படி வரலாம். ‘பிள்ளைங்க டக்குனு புடிச்சுக்கும்’ என்கிறோமே, ‘சில்ரன் பிக் திங்ஸ் அப் குவிக்லி’ என்பது அச்சு அசல் அதுவே.

வேலைக்கான நேர்காணலில் இந்தச் சொல்லின் எடை தெரிந்து பேச வேண்டும். மென்பொருள் ஒன்றை வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டீர்கள் என்றால் ‘ஐ பிக்ட் இட் அப் ஆன் த ஜாப்’ அழகான பதில். ஆளுக்குச் சுறுசுறுப்பு இருக்கிறது என்று காட்டும். நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து முறையாகப் படித்த பாடத்துக்கு அதைச் சொன்னால், உங்கள் உழைப்பை நீங்களே போகிறபோக்கில் பொறுக்கியதாக ஆக்கிவிடுகிறீர்கள். அங்கே ‘ஸ்டடீட்’ என்றே சொல்லுங்கள், ‘டிரெய்ன்ட்’ என்று சொல்லுங்கள்.

வாங்குவது, பெறுவது, செலுத்துவது

‘கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?’ என்று கூட வசிப்பவர் கேட்டால், வரும் வழியில் பால் வாங்கி வா என்கிறார். காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ‘கேன் யூ பிக் அப் மை பார்சல்?’ என்றால் காசுக்கு வேலையில்லை, போய்ப் பெற்று வந்தால் போதும். கடையில் விற்கிற பொருளா, ஏற்கெனவே அவருக்கு உரியதா என்பதுதான் வித்தியாசம். மலிவாகக் கிடைத்ததைப் பெருமையோடு சொல்லவும் இது உதவும்: ‘ஐ பிக்ட் இட் அப் ஃபார் டென் பவுண்ட்ஸ்’.

ஹோட்டலில் ‘ஐ வில் பிக் அப் த பில்’ என்று ஒருவர் சொன்னால், பில்லைக் கையில் எடுத்துப் பார்க்கப் போவதாக நினைத்து நீங்களும் பர்ஸைத் திறக்க வேண்டாம். மொத்தத்தையும் தானே கட்டுகிறேன் என்கிறார். அமெரிக்கர்கள் ‘டேப்’ என்பார்கள். செய்திகளில் ‘த டாக்ஸ்பேயர் வில் பிக் அப் த பில்’ என்று வந்தால், செலவு கடைசியில் வரி கட்டுபவர் தலையில் விழும் என்ற புகார் அதற்குள் இருக்கிறது.

அலுவலகம்

ஐ.டி. நிறுவனங்களில் ‘கேன் சம்ஒன் பிக் திஸ் அப்?’ என்று குழு அரட்டையில் ஒரு வரி விழும். இந்த வேலையை யார் எடுத்துச் செய்கிறீர்கள் என்று கேள்வி. ‘ஐ வில் பிக் இட் அப்’ என்று பதில் போட்டால் பொறுப்பு உங்களுடையது. பார்த்து வைக்கிறேன் என்ற அளவில் நினைத்துப் போடாதீர்கள். மருத்துவமனைகளிலும் கடைகளிலும் ‘பிக் அப் எ ஷிஃப்ட்’ என்றால், வேறொருவர் விட்ட அல்லது கூடுதலான ஷிஃப்ட்டை ஏற்றுக்கொள்வது.

பிரிட்டிஷ் அலுவலகங்களில் ‘ஐ வில் பிக் திஸ் அப் வித் ஃபைனான்ஸ்’ என்று சொல்வார்கள். நிதிப் பிரிவுக்கும் எனக்கும் இது பாதிப் பாதி என்று அர்த்தமில்லை. இது பற்றி அவர்களிடம் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார். மேலாளர் அப்படிச் சொன்ன பிறகு நீங்களும் தனியாக அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் சங்கடமாகும்.

மூன்று சொல் சேர்ந்தால்

‘பிக் அப்’போடு இன்னொரு சிறுசொல் ஒட்டும்போது பொருள் மறுபடி நகர்கிறது. ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் போட்டது போட்டபடி விட்டதை இன்னொருவர் ஒழுங்கு செய்வது. பூங்காக்களில் ‘பிளீஸ் பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்று பலகை இருக்கும். உங்கள் நாயின் கழிவை நீங்களே அள்ளுங்கள் என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

‘பிக் அப் ஆன்’ என்பது பிறர் கவனிக்காததைக் கவனிப்பது. ‘ஷீ பிக்ட் அப் ஆன் ஹிஸ் ஃபியர்’. அவர் வெளியே காட்டாத பயத்தை அவள் உணர்ந்துகொண்டாள். இதே சொற்களுக்கு நடுவில் ஆள் வந்து உட்கார்ந்தால் கதை வேறு: ‘ஷீ பிக்ட் ஹிம் அப் ஆன் ஹிஸ் ஸ்பெல்லிங்’. அவர் எழுத்துப் பிழையை அவள் சுட்டிக்காட்டினாள், கொஞ்சம் கண்டிக்கிற தொனியில். இது பிரிட்டிஷ் வழக்கு. ‘மே ஐ பிக் யூ அப் ஆன் தட்?’ என்று கூட்டத்தில் ஒருவர் பணிவாகக் கேட்டால், நீங்கள் சொன்னதை மறுக்கப் போகிறார் என்று தயாராகுங்கள்.

வரிசை, காலம், அழுத்தம்

பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: ‘பிக் அப் த ஃபோன்’, ‘பிக் த ஃபோன் அப்’. இட், ஹிம், ஹெர், தெம், மீ போன்ற சிறிய பதிலிப்பெயர் வந்தால் நடுவில் மட்டும்தான்: ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’ என்பதை ஆங்கிலக் காது ஏற்காது. செயப்படுபொருள் நீளமாக இருந்தால் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், ‘அப்’ எங்கே என்று கேட்பவர் காத்திருக்க வேண்டாம்.

பயணிகளைப் பேருந்து ஏற்றுவதும் விக்கெட் எடுப்பதும் இந்த விதிக்குள் அடங்கும். வேகம் எடுப்பது மட்டும் அடங்காது. ‘த டிரெய்ன் பிக்ட் அப் ஸ்பீட்’ என்று மட்டுமே வரும், ‘ஸ்பீட்’ நடுவில் போகாது.

இறந்த காலம் ‘பிக்’மேல் ஏறும், ‘அப்’மேல் ஏறாது. சொல்லும்போது இரண்டும் இழைந்து ‘பிக்ட்டப்’ என்றே கேட்கும். தமிழில் ‘பிக்கப் பண்ணினேன்’ என்று பழகிய நாக்கு ஆங்கிலத்திலும் ‘ஐ டிட் பிக்கப்’ என்று போக நினைக்கும். தடுத்து நிறுத்துங்கள்.

வினையாக வரும்போது குரல் ‘அப்’பின்மேல் அழுந்தும். பெயராக வரும்போது ‘பிக்’கின்மேல் அழுந்தும். எழுதும்போது வினையை இரண்டு சொல்லாகப் பிரித்தும், பெயரைச் சேர்த்தோ நடுவில் சிறுகோடு இட்டோ எழுத வேண்டும். ஃபோர்டு நிறுவனம் 1925-இல் தன் மாடல் டி வண்டியைப் பின்புறச் சரக்குத் தட்டோடு விற்றபோது அதன் பெயரிலேயே ‘பிக்-அப்’ இருந்தது. நம் ஊர்ப் பிக்கப் வண்டி வரை வந்திருப்பது அந்தப் பெயர்ச்சொல். ‘வண்டியில பிக்கப் இல்ல’ என்பதில் உள்ள பிக்கப்பை மட்டும் இங்கிலாந்து மெக்கானிக்கிடம் எடுத்துப் போகாதீர்கள். அவர் அதை ‘ஆக்சிலரேஷன்’ என்றுதான் அறிவார்.

அகராதியைத் திறந்தால், ஏ. எஸ். ஹார்ன்பி தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியைத் திறப்பது நல்லது. 1942-இல் ஜப்பானில், ஆங்கிலம் கற்கும் பிறமொழி மாணவர்களுக்கென்றே உருவான நூல் அது. ஃப்ரேசல் வெர்ப்களில், செயப்படுபொருளுக்கும் சிறுசொல்லுக்கும் இடையே இருமுனை அம்பு ஒன்று போட்டிருப்பார்கள். அம்பு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றலாம், இல்லாவிட்டால் மாற்றக் கூடாது. பலர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அந்த அம்பைக் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

எழுத்துத் தேர்வில், குறிப்பாக அலுவல் கடிதத்திலும் அறிக்கையிலும், ‘பிக் அப்’பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கலெக்ட், டிடெக்ட், இம்ப்ரூவ் போன்ற ஒற்றைச் சொற்கள் அங்கே பொருத்தம். பேச்சுத் தேர்வில் நேர்மாறு. ‘ஐ அக்வயர்ட் சம் ஹிந்தி’ என்று பேசினால் அரசாணை வாசிப்பது போலிருக்கும்.

பயிற்சி

கூட வேலை பார்க்கும் தோழி அனுப்பிய செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பென், மாயா இருவரும் அவளுடைய பிள்ளைகள். ஒவ்வொரு ‘பிக் அப்’புக்கும் யார், எதை என்று கேட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள். பிறகு கீழே உள்ள விளக்கத்தைப் படியுங்கள்.

‘கேன் யூ பிக் அப் சம் பிரெட்? ஐ காண்ட் பிக் மாயா அப் டுடே, ஐ ஹேவ் பிக்ட் அப் அனதர் ஷிஃப்ட். ஐ ராங் த ஸ்கூல், பட் நோபடி பிக்ட் அப். ஐ திங்க் தட்ஸ் வேர் பென் பிக்ட் அப் த காஃப். த டாக்டர் டிட்ன்ட் பிக் எனிதிங் அப், அண்ட் ஹீ இஸ் பிக்கிங் அப் நௌ.’

ரொட்டி வாங்கி வர முடியுமா? இன்று மாயாவை அழைத்து வர என்னால் முடியாது, இன்னொரு ஷிஃப்ட்டை ஏற்றுக்கொண்டுவிட்டேன். பள்ளிக்கு ஃபோன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. பென்னுக்கு இருமல் ஒட்டிக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். டாக்டர் பார்த்ததில் எதுவும் தென்படவில்லை, இப்போது தேறி வருகிறான்.

இடறியிருந்தால் கடைசி வரியில்தான் இடறியிருப்பீர்கள். ‘த டாக்டர் டிட்ன்ட் பிக் எனிதிங் அப்’ என்பதைத் தனியாகப் படித்தால், டாக்டருக்கு எந்த நோயும் தொற்றவில்லை என்றும் வரும். முந்தைய வாக்கியத்தில் பென்னுக்கு இருமல் என்று இருப்பதால், டாக்டர் இங்கே சோதித்துப் பார்ப்பவர், எனவே கண்டறிகிற பொருள். அடுத்து வரும் ‘ஹீ’ டாக்டராகவும் இருக்கலாமே என்று தோன்றியிருந்தால், வாக்கியத்தைச் சரியாகவே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ‘பிக்கிங் அப்’புக்குச் செயப்படுபொருள் இல்லை, ஆகவே தேறுவது. தேற வேண்டுமென்றால் முதலில் உடம்பு முடியாமல் இருந்திருக்க வேண்டும். இந்தச் செய்தியில் அப்படி இருந்தவன் பென் ஒருவன்தான்.